ரெண்டு தலை மாடும் மூன்று படங்களும்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு நாய் படுத்திருந்தால் நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவள். வயது நாற்பத்தாறு ஆகிறது, இன்னும் அப்படித்தான். ட்ரோனைப் பறக்கவிட்டு, அது எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பெரிய படமாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. ட்ரோன் மேலே போகும், நான் கீழே நிற்பேன். அதனால்தான் இந்த வேலை எனக்கு ஒத்துவந்தது. அப்படிப்பட்டவளை வன்னிக்குக் கூப்பிட்டார்கள்.

கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியையும் தாண்டிப் போனால் வரும் ஒரு குளத்துக் குடியேற்றம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். விதைப்புக்கு முன்னால் எந்த வாய்க்கால் உடைந்து கிடக்கிறது, தண்ணீர் எங்கே வீணாகிறது என்று பார்க்க, குளத்தையும் வயல்களையும் மேலிருந்து எடுத்த ஒரு படம் அந்த ஊர் விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது. ட்ரோன் அவர்களிடமே இருந்தது, அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்கள். ஓட்டவும் ஒட்டவும்தான் ஆள் இல்லை.

கொழும்பில் ஏறிய பஸ் மாங்குளத்துக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. அந்தச் சத்தத்துக்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இறங்கி, ரோட்டோரமாக ஒரு மரத்து நிழல் தெரிந்ததே என்று புல்லில் கால் வைக்கப் போனேன். பக்கத்து இருக்கையில் வந்த அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, உங்கால போகாதேங்கோ. ரோட்டிலயே நில்லுங்கோ."

"பாம்பு இருக்குமா?"

"இல்லை, இப்ப ஒண்டும் இல்லை. எல்லாம் கிளியர் பண்ணியாச்சு."

"அப்புறம் ஏன் போகக் கூடாது?"

"பழக்கம்," என்றார். கையிலிருந்த கச்சான் பொட்டலத்தைப் பிரித்து எனக்குக் கொஞ்சம் வேர்க்கடலை தந்தார்.

எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஒரே நிமிடத்தில் பாதிப் பேர் புதருக்குள் மறைந்துவிடுவார்கள். இங்கே முப்பது பேரும் தாரின் மேலேயே வரிசையாக நின்றார்கள். மண் மேல் ஒரு கால் இல்லை. பேசினார்கள், சிரித்தார்கள், வெயிலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். யாரும் நிழலுக்குப் போகவில்லை. நானும் தாரைவிட்டு அசையவில்லை.

கிளிநொச்சியில் என்னை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளோடு வந்திருந்தவர் செல்வமலர் அக்கா. அந்த விவசாயிகள் அமைப்பின் செயலாளர், ஐம்பதைத் தாண்டியவர், பேச்சும் வண்டியும் ஒரே வேகம். நான் தங்கியது அவர் வீட்டில்தான். கணவர் இராசேந்திரம் அண்ணன் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வவுனியாவுக்குப் போனவர், தங்கை வீட்டில் சில நாள் நின்றுவிட்டு வருவார் என்றார் அக்கா. சீனி வருத்தம் என்றால் நம் சர்க்கரை நோய்.

இரவுச் சாப்பாடு புட்டும் சொதியும். சொதி என்றதும் எனக்கு வாயூறிவிட்டது. எங்கள் திருநெல்வேலியில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பது. காய் காயாக மிதக்கும், பாசிப்பருப்பு இருக்கும், இஞ்சிப் பச்சடி கூடவே வரும். இங்கே வந்தது மஞ்சளாய், தண்ணியாய், இரண்டு பச்சை மிளகாய் மிதக்க ஒரு கிண்ணம். என்னடா இது என்று முகம் சுளித்தேன். புட்டில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்த பிறகு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

மறுநாள் காலை வயலுக்கு நடந்தோம். இவ்வளவு அகலமான வெளியில் அக்கா மாட்டுத் தடத்தை விட்டு விலகாமல் நடந்தார். எதிரே வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வந்தார்கள். வழியில் ஒரு வீட்டுக் கோழிக்கூட்டைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். கூட்டின் நாலு மூலையிலும் தலையில் சிவப்புப் பூசிய தடிகள். மிதிவெடி கிடக்கும் நிலத்தின் எல்லையில் அந்தத் தடிகளை நடுவார்கள் என்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன்.

அக்கா சிரித்தார். "உது பழைய தடி. கிளியர் பண்ணி முடிஞ்சு விட்டிட்டுப் போனது. நல்ல வைரமான தடி மிஸ், கறையான் அரிக்காது. இஞ்ச எல்லாற்ற வீட்டிலயும் கிடக்கு."

பார்த்தால் உண்மைதான். வேலியில், துணிக்கொடியில், பயற்றங்கொடிப் பந்தலில் எல்லாம் அந்தத் தடிகள். வெயிலில் வெளுத்து, சிவப்பு ரோஸாகிப் போயிருந்தது. குளத்தைச் சுற்றிய நிலம் எப்போதோ துப்புரவாக்கி மக்களிடம் கொடுத்ததுதான். வெடி அகற்றுகிறவர்கள் இப்போது அதற்கும் அப்பால் காட்டுப் பக்கம் வேலை செய்கிறார்கள் என்றார் அக்கா. எனக்கு அந்த அப்பால் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் தேவலை போலிருந்தது. கேட்கப் பயமாக இருந்ததால் கேட்கவில்லை.

ட்ரோன் உழவு உழுகிற மாதிரியே போகும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, திரும்பி ஒரு சால் தள்ளி மறுபடி இந்தக் கரை. இரண்டு விநாடிக்கு ஒரு படம். ஒரு படத்தில் வந்த நிலம் அடுத்ததிலும் முக்கால்வாசி வர வேண்டும். அப்போதுதான் இதிலிருக்கும் புற்றும் அதிலிருக்கும் புற்றும் ஒன்றுதான் என்று மென்பொருள் கண்டுபிடித்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சரியாகப் போட்டு ஒட்டும். அதனால் தரையில் எந்த இடத்தை எடுத்தாலும் அது ஏழெட்டுப் படங்களில் இருக்கும். அன்று வயல் முழுவதையும் குளத்தின் கீழ்க்கரையையும் முடித்தபோது மேகம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பூராவும் மழை. பதினோரு மணி போல, அடுக்களையில் உட்கார்ந்து அக்காவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கோ டமார் என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தேத்தண்ணியை மடியில் கொட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் சொன்னார்.

"வான் பக்கம் மழைக்கு ஒண்டு வெளிய வந்ததாம். அவையே வெடிக்க வைச்சிட்டினம். இருங்கோ, வேற தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

அவை என்றது வெடி அகற்றுகிறவர்களை. வான் என்பது குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம். சிமெண்டுச் சுவர் கட்டியிருக்கும். எடுத்தாயிற்று, வெடித்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று அக்கா நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். இருந்தாலும் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நாலாம் நாள் மாலை வானம் வெளுத்ததும் மிச்சமிருந்த மேல்பாதியை எடுத்தேன். இரண்டு நாள் படங்களும் ஒட்ட வேண்டுமே என்று, மழைக்கு முன்னால் எடுத்ததிலேயே ஒரு பட்டை அகலத்தைத் திரும்பவும் சேர்த்து எடுத்தேன். வான் கரை அந்தப் பட்டையில் இருந்தது. நான் குளக்கட்டில் ஓர் அடிகூட நகராமல் நின்றுகொண்டு, திரையைப் பார்த்தபடியே வேலையை முடித்தேன்.

ஐந்தாம் நாள் ஒட்டினேன். படம் அருமையாக வந்தது, ஒரே ஒரு மாட்டைத் தவிர. ட்ரோன் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிவப்புப் பசு நடந்திருக்கிறது. ஒரு படத்தில் அதன் தலை இங்கே, அடுத்த படத்தில் அங்கே. ஒட்டிய படத்தில் ஓர் உடம்பு, முன்னும் பின்னுமாக ரெண்டு தலை. அசையும் பொருள்கள் இந்த வேலையில் இப்படித்தான் ஆகும். நான் சிரித்துக்கொண்டே காட்டினேன். அமைப்பின் தலைவர் சிரிக்கவில்லை.

"இதைப் பொதுமண்டபத்தில தூக்க ஏலாது மிஸ். விதைப்பு நேரம். குளத்தடியில ரெண்டு தலை மாடு நிண்டா ஊருக்குக் கூடாது."

செல்வமலர் அக்காவும் தலையாட்டினார். நிஜ மாடு ஒரு தலையோடுதான் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அதெல்லாம் ஒரு நிமிட வேலை என்று பெருமையடித்துக்கொண்டு ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். அந்த டிக் என்ன செய்யும் என்றால், தரையின் ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் அது பதிவான எல்லாப் படங்களையும் கேட்கும். பெரும்பாலான படங்களில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டில் மட்டும் இருப்பதை எடுத்துவிடும். மாடு போயிற்று. சைக்கிளில் போனவர் போனார். காற்றில் ஆடிய சேலை போயிற்று. நிலம் கழுவித் துடைத்த மாதிரி வந்தது. "வடிவா இருக்கு," என்றார் தலைவர். கிளிநொச்சியில் பெரிய ஃபிளெக்ஸாக அடித்துக்கொண்டு வந்தோம். வழியில் நான் அக்காவுக்கு இந்த டிக்கைப் பற்றிப் பெருமையாக விளக்கிக்கொண்டே வந்ததை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

ஆறாம் நாள் பொதுமண்டபத்தில் படம் தொங்கியது. ஊரே வந்து அவரவர் வீட்டைத் தேடியது. அன்றுதான் இராசேந்திரம் அண்ணன் வவுனியாவிலிருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், மருந்துப் பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டார். தன் மாட்டுக் கொட்டிலைக் கண்டுபிடித்தார், கிணற்றைக் கண்டுபிடித்தார், பிறகு விரலை மெல்ல நகர்த்தி வான் கரையில் வைத்தார்.

"இதில ஒண்டும் இல்லைத்தானே மிஸ்? கிளியராக் கிடக்கு."

"ஆமாண்ணே, ரொம்பத் தெளிவா வந்திருக்கு," என்றேன். அவர் கேட்டது படத்தின் தெளிவைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல இருந்து எடுத்த படம் பிழைக்குமோ," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

ஏழாம் நாள் காலை ஏழு மணிக்குப் பல் துலக்கப் பின்பக்கம் போனேன். பயற்றங்கொடிகளுக்குப் புதிதாகத் தடி ஊன்றியிருந்தது, ஒன்பது தடி. தலையில் சிவப்பு. இந்தத் தடிகளுக்குத்தான் நான் பழகிவிட்டேனே, கடந்து போனேன். இரண்டடி போன பிறகுதான் உறைத்தது. இந்தச் சிவப்பு ரோஸாகவில்லை. குங்குமம் மாதிரி இருந்தது. அடியில் ஒட்டியிருந்த மண் ஈரம்.

"அக்கா, இந்தத் தடி எங்க இருந்து வந்துச்சு?"

"இவர் விடிய வான் பக்கம் போய்க் கொண்டுவந்தவர். பழைய தடியாம்."

"அண்ணே இப்ப எங்க?"

"மிச்சத்தையும் எடுத்து, ரெண்டு காட்டுத் தடியும் வெட்டிக்கொண்டு வாறன் எண்டு போயிட்டார். ஏன் மிஸ், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

வாய் நுரையோடு ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தேன். ஒட்டிய படத்தை விட்டுவிட்டு, ஒட்டுவதற்கு முந்திய தனிப் படங்களைத் தேடினேன். வான் கரை ஒன்பது படங்களில் இருந்தது. மழைக்கு முன் எடுத்தது ஆறு. அந்த ஆறிலும் ஒன்றுமில்லை, வெறும் புல். மழைக்குப் பிறகு எடுத்தது மூன்று. மூன்றிலும் சின்னச் சின்னப் புள்ளியாகச் சிவப்பு வரிசை, ஒவ்வொரு புள்ளிக்கும் மாலை வெயிலில் நீண்ட நிழல். வரிசையின் கடைசியில் குனிந்து நின்று ஒருவர் தடி நட்டுக்கொண்டிருக்கிறார். ஆறுக்கு மூன்று. நான் போட்ட டிக், மாட்டோடு சேர்த்து அந்தத் தடிகளையும் எடுத்துவிட்டது.

ஒன்று வெளியே வந்தால் பக்கத்தில் இன்னும் கிடக்கலாம் என்று அவர்கள் மறுநாள் புதிதாக எல்லை போட்டிருக்கிறார்கள். வவுனியாவிலிருந்து வந்த மனிதருக்கு அது தெரியாது. தடியைப் பார்த்திருக்கிறார், படத்தைப் பார்த்திருக்கிறார். படத்தில் இல்லாத தடி பழைய தடிதானே. அப்படி நினைத்துப் பிடுங்கிவிட்டார்.

இதை நான் எந்த வரிசையில் சொன்னேனோ தெரியாது, அக்காவுக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. அழவில்லை. போனை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, எங்க நிக்கிறியள்? சரி. நிண்ட நிலையில நில்லுங்கோ. காலைத் தூக்காதேங்கோ. உந்தத் தடி புதுத் தடி. ஓம். மிஸ்தான் சொல்லுறா. கத்தியைக் கீழ போடாதேங்கோ, கையிலயே வைச்சிருங்கோ. நான் வாறன்."

சந்தைக்கு என்ன வாங்குவது என்று பேசுகிற குரலில் பேசினார். போனை வைத்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "சாப்பிடாமப் போனவர்," என்றார். "சீனி குறைஞ்சா மயங்கி விழுவார்." இரண்டாவது போன் வெடி அகற்றுகிறவர்களுக்கு.

குளக்கட்டில் நாங்கள் போய் நின்றபோது அவர் தெரிந்தார். கட்டிலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, ஒரு சூரைப் பற்றைக்கு, அதாவது முட்புதருக்குப் பக்கத்தில், ஒரு கையில் கத்தி, ஒரு கையில் மூன்று நாலு சிவப்புத் தடி. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அக்கா கையைக் கீழே போடச் சொல்லிச் சைகை காட்டினார். அந்தப் புல்வெளி எந்த ஊரிலும் இருக்கும் புல்வெளிதான். தும்பி பறந்தது. எனக்குக் கட்டின்மேலேயே ஒரு காலை இன்னொரு இடத்தில் எடுத்துவைக்கத் தைரியம் வரவில்லை.

நிர்மலா என்று ஒரு பெண் தன் ஆட்களோடு வந்தார். வெடி அகற்றும் குழுவின் தலைவி, முப்பத்தைந்து வயதிருக்கும், கனத்த மேலங்கி, நெற்றிக்கு மேலே தூக்கிய முகக் கண்ணாடி. வந்ததும் புல்வெளியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"தடி எல்லாம் எங்க?"

பயற்றங்கொடியில் என்று அக்கா சொன்னார். நிர்மலா மறுபடி புல்வெளிப் பக்கம் திரும்பினார். அவர் கோபப்படுகிறார் என்று நினைத்தேன். கோபமில்லை. தடி போனதால் எல்லை போயிற்று. எதுவரைக்கும் தேடிப் பார்த்த நிலம், எங்கே தேடாத நிலம் தொடங்குகிறது என்று தரையில் ஓர் அடையாளமும் இல்லை. மழையில் இளகியிருந்த மண், தடியைப் பிடுங்கியதுமே குழிகளை மூடிவிட்டது.

"எல்லை தெரியாட்டி நாங்கள் இந்தக் கட்டில இருந்துதான் தொடங்க வேணும். அவரிட்டப் போய்ச் சேர நாளைக்குப் பகலாகும்."

"அவர் சீனி வருத்தக்காரர், தங்கச்சி," என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "என்கிட்ட எல்லை இருக்கு," என்றேன். "மூணு படத்துல இருக்கு."

ட்ரோனை ஏற்றினேன். அவசரத்தில் முதல் தடவை குளக்கட்டிலேயே இடித்து ஓர் இறக்கை உடைந்தது. மாற்று இறக்கையை அக்கா பிடித்துக்கொள்ள நான் முடுக்கினேன். வான் சுவரிலிருந்து அவர் தலைக்கு மேலாக நேராக ஒரு சால், பதினோரு படங்கள். கட்டின்மேல் உட்கார்ந்து அவற்றை ஒட்டினேன். இந்த முறை எந்த டிக்கும் இல்லை. அந்த மூன்று படங்களையும் எடுத்து அதன்மேல் போட்டேன். வான் சுவரின் மூலை மூலையோடு சேர்ந்தது, புற்று புற்றோடு சேர்ந்தது. சிவப்புப் புள்ளிகள் இன்றைய புல்லின் மேல் வந்து நின்றன. அளந்தால், எல்லையிலிருந்து அவர் நிற்கும் இடம் பதின்மூன்று அடி.

நிர்மலா குனிந்து பார்த்தார். அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. "இதென்ன, ரெண்டு பேர் நிக்கினம்?"

பற்றைக்குப் பக்கத்தில் ஓர் இராசேந்திரம் அண்ணன். அவருக்கு ஓர் எட்டுத் தள்ளி இன்னோர் இராசேந்திரம் அண்ணன். அதே சாரம், அதே கத்தி. மாட்டுக்கு நடந்ததுதான் இவருக்கும் நடந்திருக்கிறது. ட்ரோன் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது மனிதர் நகர்ந்திருக்கிறார்.

நிர்மலா அக்காவின் போனை வாங்கினார். "ஐயா, இப்ப காலை எடுத்து வைச்சனீங்களோ?"

"வெயில் சுடுது பிள்ளை, நிழலுக்கு ஒரு காலடிதான்," என்றது போன்.

"இனி வைக்காதேங்கோ. நிழல் நான் கொண்டு வாறன்." குரல் உயரவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவருடைய உள்ளங்கை நனைந்திருந்தது.

வான் சுவரின் மூலையிலிருந்து நாடா பிடித்து அளந்து, என் படத்தில் உள்ளபடி பழைய எல்லையில் மறுபடி தடி நட்டார்கள். தேடி முடித்த நிலத்தின் வழியாகவே போய், அங்கிருந்து தொடங்கினார்கள். ஒரு முழ அகலத்துக்கு, கருவியைத் தரைமேல் இப்படியும் அப்படியும் ஆட்டி, கத்தரிக்கோலால் புல்லை வெட்டி, முழந்தாளில் நகர்ந்து நகர்ந்து போனார்கள். எட்டரைக்குத் தொடங்கியது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கன்றுக்கு வைக்கோல் போட்டதா, வவுனியாவில் தங்கை வீட்டில் என்ன சமைத்தார்கள், மச்சாள் என்ன சொன்னா என்று கதை கதையாக இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லத் தாமதித்தால் அக்காவின் கழுத்து நரம்பு புடைக்கும். பத்து மணிக்கு மேல் பதில்கள் குறைந்தன. "தலை சுத்துது" என்று ஒரு முறை கேட்டது. "மச்சாள் மீன் குழம்பு வைச்சவவோ?" என்று அக்கா அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

பத்தேகாலுக்கு நிர்மலா கையை உயர்த்தினார். எல்லாரும் நின்றார்கள். அவருக்கு முன்னால், இராசேந்திரம் அண்ணனின் காலுக்குச் சற்று இப்பால், மண்ணுக்குள் ஒன்று இருந்தது. அதற்கு அடையாளம் வைத்துவிட்டு, பக்கவாட்டில் வளைந்து வேறு தடம் எடுத்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு நிர்மலா அவருடைய கையைப் பிடித்தார். சீனி கரைத்த தண்ணீரை அங்கேயே குடிக்க வைத்து, தன் காலடியில் அவர் காலடி படும்படி அழைத்து வந்தார். கட்டுக்கு வந்ததும் அண்ணன் கையிலிருந்த தடிகளை நிர்மலாவிடம் நீட்டினார். "பழைய தடி எண்டு நினைச்சிட்டன் பிள்ளை," என்றார். அக்கா அவர் சாரத்தில் ஒட்டியிருந்த புல் விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நான் நிர்மலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மடிக்கணினியில் அந்த மூன்று படங்களையும் திரும்பப் பார்த்தார். வரிசைக் கடைசியில் குனிந்து தடி நடும் உருவத்தைத் தொட்டார்.

"இது நான். பெரிய படத்தில என்னைக் காணேல்லையே மிஸ்."

"மாட்டை எடுக்கப் போய் உங்களையும் எடுத்துட்டேன்."

"வேலை செய்யிற ஆக்களை எடுக்காதேங்கோ," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று பிற்பகலே கிளிநொச்சிக்குப் போய் வேறு ஃபிளெக்ஸ் அடித்தோம். வான் கரைக்கு அந்த மூன்று படங்களையே போட்டேன். பழையதை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டியவர் அதே தலைவர்தான். குளத்தடியில் ரெண்டு தலை மாடு நின்றது, சைக்கிள்காரர் முன் சக்கரம் இல்லாமல் போனார், கொடியில் சேலை கிழிந்து கிடந்தது. ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சிவப்புப் புள்ளிகளைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் காலை பஸ்ஸுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அண்ணன் பூவரசங் கம்பு வெட்டிப் பயற்றங்கொடிக்கு ஊன்றும் சத்தம் கேட்டது. அக்கா வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இவர் ரெண்டு பேரா நிண்ட படம் இருக்கெல்லோ, அதை ஒருக்காக் காட்டுங்கோ."

காட்டினேன்.

"இதில எது முந்தி நிண்டது?"

பற்றையிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்றவரைக் காட்டினேன்.

"நிர்மலா வெடிக்கு அடையாளம் வைச்ச இடம்?"

இந்தக் கேள்வி வரக் கூடாது என்று நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். நேற்றே அளந்து பார்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் பொய் சொல்ல முடியவில்லை. என் விரலை இரண்டு இராசேந்திரம் அண்ணன்களுக்கும் நடுவில் வைத்தேன். போனில் அசையாதே என்று சொன்ன பிறகு, நிழலுக்காக அவர் எடுத்து வைத்த அந்த ஒரு காலடி, அதற்கு மேலாகத்தான் போயிருக்கிறது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கம்பு ஊன்றும் சத்தம் நின்றது. மண் ஒட்டிய கையோடு அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன ரெண்டு பேரும் வடிவாப் பாக்கிறியள்?"

"மாட்டை," என்றார் அக்கா. "ரெண்டு தலை மாட்டை."

அண்ணன் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும்வரை அக்கா என் கையை விடவில்லை.